எங்க ஏரி இதுல இல்லடி

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக உத்திரமேரூருக்குப் பேருந்தில் வந்தேன். வாலாஜாபாத்தில் அரிசி ஆலையைக் கடக்கும்போது நெல் வேகும் வாசனை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. உடனே உன் நினைவு. திங்கட்கிழமை காலைகளில் ஊரிலிருந்து நேராக ஆய்வுக்கூடத்துக்கு வருவாய். உன் சேலையிலும் பையிலும் இதே வாசனை இருக்கும். யாராவது அதைச் சொன்னால் கூசமாட்டாய். "எங்க வூட்டு நெல்லு. வேணும்னா ஒரு படி கொண்டாறேன்" என்பாய்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. சென்னையில் நாம் இருவரும் ஒரே மேசையில் லிஸ்ப் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். நான் காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். உன் குடும்பத்துக்கு ஏரிப் பாசனம்தான் சோறு. ஏரித் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடலாம் என்று யோசனை சொல்லும் நிரல் அது. அந்த வேலையைக் கேட்டு வாங்கியதே நீதான்.

மழை அளவுகளை அர்ரேயில் வைத்திருந்தோம். எண் போட்ட வீடுகள் மாதிரி, எதற்கும் நேராகப் போகலாம். எந்த வயலுக்குப் பின் எந்த வயல் என்ற முறை லிஸ்டில் இருந்தது. அங்கே ஒவ்வொன்றுக்கும் தன் அடுத்தது மட்டுமே தெரியும். நடுவில் இருப்பதைப் பார்க்க முதலிலிருந்து நடக்க வேண்டும், ஆனால் நடுவில் ஒன்றைச் செருகுவது சுலபம். தேடவும் எண்ணவும் வரிசைப்படுத்தவும் இரண்டுக்கும் தனித்தனியாக எழுதுவது உனக்குப் பிடிக்கவில்லை. எதைக் கொடுத்தாலும் ஏற்கும் ஒரே நிரல் தொகுப்பை எழுதினாய். 'உனக்கு அடுத்தது எது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த எதுவும் அதற்குள் வரலாம்.

நான் எதிர்த்தேன். "ஒவ்வொரு அடிக்கும் நீ யாரு, அடுத்தது எதுன்னு கேட்டுக்கினே இருந்தா மிஷின் எப்பிடி ஓடும்? தனித்தனியா எழுதிட்டா பறக்கும்."

"பறக்கும். நாளைக்கு மூணாவதா ஒண்ணு வந்தா?"

"இன்னாடி வரப்போவுது?"

"ஏரிங்க" என்றாய்.

ஒரு ஏரி வழிந்தால் கீழே இருக்கிற ஏரிக்குத் தண்ணீர் போகும். எது அடுத்தது என்பதை அன்றைய நீர்மட்டம்தான் சொல்லும். அந்த ஏரிச் சங்கிலியையும் உன் தொகுப்புக்குள் கொண்டுவந்திருந்தாய்.

அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று உன் நைனாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். நீ ஏரிச் சங்கிலியைக் கொடுத்து விசையை அழுத்தினாய். திரை அப்படியே நின்றது. நினைவகம் நிரம்பி, வேண்டாததைக் கழிப்பதற்காக இயந்திரம் நின்று நின்று போனது. அதிகாரிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா, மிஷினு தூங்கிட்சா?" என்றார் உன் நைனா, நிஜமான அக்கறையோடு. யாரோ சிரித்தார்கள். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர்கள் போன பிறகுதான் விடை வந்தது. காத்திருந்தவர் உன் நைனா மட்டும். நீ படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரியாத்தான் கீது" என்று உன் தலையில் கை வைத்தார்.

மறுநாள் நம் துறைத்தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்போம். "அழகா இருக்கும்மா. இந்த மெஷினுக்குத் தாங்காது. ரெண்டு வகை போதும், வேகமா எழுதிக் குடுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இடைவழி ஒன்று கண்டோம்: ஆரம்பத்தில் ஒரே முறை 'நீ அர்ரேயா, லிஸ்டா?' என்று கேட்டு, அதற்கென்றே எழுதிய பகுதிக்கு அனுப்பிவிடுவது. வேகம் கிடைத்தது. ஆனால் வகைக்கொரு நகல் என்று தொகுப்பு பெருத்து, மூன்றாவதற்கு நினைவகத்தில் இடமில்லாமல் போனது. உன் கையாலேயே ஏரிகளை எடுத்தாய்.

எல்லோரும் பாராட்டினார்கள். சாப்பிடப் போகும் வழியில் என்னிடம் மட்டும் சொன்னாய்: "நல்லாத்தான் ஓடுது. ஆனா எங்க ஏரி இதுல இல்லடி."

கொஞ்ச நாளில் வேலையை விட்டு, ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சரானாய். நான் வந்து பழைய வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால், "அத்த வுடு, சாப்ட்டியா?" என்பாய். பிறகு மஞ்சள் காமாலை. உடம்பு சரியில்லை என்ற செய்தியும் நீ இல்லை என்ற செய்தியும் எனக்கு ஒன்றாகவே வந்தன.

அதன் பிறகுதான் ஆய்வுக்கூடத்துக்குப் புது இயந்திரம் வந்தது. நீ முதலில் எழுதிய வடிவம் டேப்பில் அப்படியே இருந்தது. ஏற்றி, ஏரிச் சங்கிலியைக் கொடுத்தேன். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த, வேலைக்குப் புதிதாக வந்தவர், "பிரமாதமா இருக்கே, யார் எழுதினது? இப்ப எங்க இருக்காங்க?" என்றார்.

உன்னோடு வாதாடியது தப்பென்று நான் நினைக்கவில்லை. அந்தப் பழைய இயந்திரத்தில் உன் தொகுப்பு வேகமாக ஓடியிருக்காது. நம் இருவர் பேச்சும் சரியாக இருந்தும், காலம் மட்டும் உனக்குப் பிந்தி வந்ததே, அதுதான் ஆறவில்லை. அதற்குப் பின் நான் எழுதிய ஒவ்வொரு தொகுப்பிலும், கொஞ்சம் வேகம் குறைந்தாலும், இதுவரை யாரும் கேட்காத ஒரு வகைக்கு இடம் விட்டேன். "இது யாருக்கு? இத்தனை வருஷமா ஒருத்தரும் வரலையே" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்பார்கள்.

"வருவாங்க" என்பேன்.