ஏழாம் விதியை எழுதியவன்

பிப்ரவரி 6, 2017

காலையில் வண்டி கிளம்பவில்லை. நேற்று நிறுத்தும்போது எஞ்சின் சூடாக்கும் ஒயரைச் செருக மறந்துவிட்டேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. ஸ்கூல் பஸ் ஓட்ட வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்த வேலையில் மறக்கக்கூடாதது ஒன்றே ஒன்றுதான். அதை மறந்தேன்.

மத்தியானம் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். ‘மீத்திறன் மாணவர் வகுப்புக்கான புதிய தகுதி விதிகளை வகுக்கும் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருக்க இசைந்தமைக்கு நன்றி.’ நானா? எப்போது இசைந்தேன்? என் மனைவி கார்லீன்தான் கண்டுபிடித்தாள். சனிக்கிழமை பள்ளிக்கூடத்து பீன்ஸ் விருந்தில் வாசலோரம் ஒரு தாள் இருந்தது. நாற்காலி மடக்க ஆள் கேட்கிறார்கள் என்று நினைத்து, கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் இருந்ததே ஒரு பெயர்தானாம்.

“பன்னெண்டாங் கிளாஸ ரெண்டு தடவை படிச்ச மனுஷன் மேதைங்கள அளக்கப் போறாரு!” கார்லீன் சிரித்துச் சிரித்து அடுப்பில் இருந்த ப்ளோய் அப்பத்தைக் கருக்கிவிட்டாள். கருகியதை நான்தான் வெண்ணெய் தடவித் தின்றேன்.

பிப்ரவரி 8

மகள் ஓடெட்டை மறுபடி பள்ளி வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. குற்றம் என்ன? தன் கணக்குத் தாளை முடித்தாள். பிறகு பக்கத்துப் பெண்ணின் தாளையும் முடித்துக் கொடுத்தாள். நாலாம் வகுப்பு, ஒன்பது வயசு. “வராந்தாவுல என்னடி பண்ணுவ?” என்றால், “கூரைப் பலகைல இருக்கிற குட்டிக் குட்டி ஓட்டைய எண்ணுவேன். ஒரு சதுரத்த எண்ணிட்டுப் பெருக்கிடுவேன்,” என்கிறாள்.

தினம் காலையில் வயிற்றுவலி என்கிறாள். சனி, ஞாயிறு வருவதில்லை.

பிப்ரவரி 15

முதல் கூட்டம். மொத்தம் நாலு பேர். தலைமை விட்கோம் அம்மா; தெற்கே கடற்கரைப் பக்கத்திலிருந்து போன வருஷம்தான் வந்தவர். ஹாஸ்கெல், வியாழக்கிழமைகளில் மீத்திறன் வகுப்பு எடுக்கும் வாத்தியார், மெதுவாகப் பேசுகிற ஆள். கீ கொரிவோ, பள்ளி வாரிய உறுப்பினர், ஊரில் பாதி உருளைக்கிழங்கு இவர் கை வழியாகத்தான் வெளியே போகிறது. கடைசியில் நான்.

என் பெயர் ரெனோ திபடோ. விட்கோம் அம்மா வாயில் திபடோ ‘டிப்போ’ ஆகிவிட்டது. பஸ்காரனுக்குப் பொருத்தமான பெயர் என்று விட்டுவிட்டேன்.

இப்போதுள்ள விதி எளிது. அக்டோபரில் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பரீட்சை வைப்பார். தொண்ணூற்றைந்தோ அதற்கு மேலோ வந்தால் வகுப்பு. வராவிட்டால் மூன்று வருஷத்துக்கு மறு பரீட்சை கிடையாது. ஓடெட்டும் எழுதினாள். எண்பத்தொன்று. டிசம்பரில் கடிதம் வந்தபோது நான் என்ன செய்தேன்? மடித்து டிராயரில் போட்டேன். என் பிள்ளைதானே, எண்பத்தொன்றே அதிகம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். எழுதி வைக்கிறேன், பின்னால் மாற்றிச் சொல்லாமல் இருக்க.

மார்ச் 1

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

பரீட்சை எப்படி இருக்கும் என்று தெரியாமல் எப்படி விதி எழுதுவது? சொந்தப் பிள்ளையின் தாளைப் பெற்றோர் கேட்டு வாங்கலாமாம். வாங்கினேன். படக் கேள்விகள் எல்லாம் சரி. கடைசி இருபது வாய்மொழி. ஏதோ ஒன்றைச் சொல்லி, ‘அப்படியானால் இது உண்மையா?’ என்று கேட்பார்கள். ஆம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும். ‘இல்லை’ என்று சொல்ல வேண்டிய ஒன்பதும் சரி. ‘ஆம்’ என்று சொல்ல வேண்டிய பதினொன்றிலும் ‘பதில் இல்லை’. பதில் இல்லை, பதில் இல்லை, கீழே வரைக்கும். ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: ‘குழந்தை பேசாமல் மூச்சை இழுக்கிறாள். பதற்றமா? ஆஸ்துமா உண்டா?’

“ஓடெட்டுக்கு எப்ப ஆஸ்துமா வந்துச்சு?” என்று கார்லீனிடம் கேட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்ன உளர்ற?”

“இந்தத் தாள நீ பாத்தியா?”

அவள் திரும்பவில்லை. சூடான சூப்பை உறிஞ்சுவது போல மூச்சை உள்ளே இழுத்தாள். அவ்வளவுதான்.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. பார்த்தேன் என்கிறாள். ஆமாம் என்கிறாள். அவள் அம்மா அப்படித்தான் சொல்வாள், நான் அப்படித்தான் சொல்கிறேன், பெட்ரோல் பங்க்கில், சர்ச்சில், இந்த ஆற்றங்கரை முழுக்க எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டேதான் ‘ஆமா’ சொல்கிறோம். நாற்பது வருஷமாகச் சொல்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்கும் அப்படித்தான் சொன்னேன். அது செல்லுபடியாகிவிட்டது!

பதினொரு கேள்வி. பதினொன்றுக்கும் என் மகள் சரியான பதில் சொல்லியிருக்கிறாள். எதிரே உட்கார்ந்து பரீட்சை வைத்தவளுக்கு அது ஒரு நோய்.

மார்ச் 2

பஸ்ஸில் ஏறிய பிள்ளைகள் ஒவ்வொன்றையும் “குளிருதா?” என்று கேட்டேன். முப்பத்தொன்றில் இருபத்தாறு பேர் மூச்சை இழுத்தார்கள். நாங்கள் எல்லோரும் ஆஸ்துமாக்காரர்கள்தான்.

மார்ச் 15

இரண்டாம் கூட்டம். என்னால் முடிந்தவரை பொறுமையாகச் சொன்னேன். பொய். மேஜையைத் தட்டினேன், விட்கோம் அம்மாவின் பேனா உருண்டு போய்க் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி தட்டினேன்.

விட்கோம் அம்மா நம்பவில்லை. “மிஸ்டர் டிப்போ, மூச்ச இழுக்கிறத எப்படிங்க பதில்னு எடுத்துக்க முடியும்?”

கொரிவோ நாற்காலியில் சாய்ந்தபடி, “அதெல்லாம் பழைய காலத்து ஆளுங்க பண்றது, மேடம். நாங்க யாரும் இப்ப அப்படிப் பேசறதில்ல. ரெனோ தன் புள்ளைக்காக ஏதோ சொல்றான், பாவம்,” என்றார்.

பாவமாம்! காதெல்லாம் சூடாகிவிட்டது. என்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் அந்த அம்மா குடுவையை எடுத்து, “காபி இன்னும் கொஞ்சம் ஊத்தவா, மிஸ்டர் கொரிவோ?” என்று கேட்டார்.

கொரிவோ கோப்பையை நீட்டிக்கொண்டே மூச்சை இழுத்தார்.

ஹாஸ்கெல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், தோள் குலுங்கியது. விட்கோம் அம்மா குடுவையைப் பிடித்தபடியே நின்றார். “இப்ப நீங்க... வேணும்னு சொன்னீங்களா?”

“ஆமான்னு சொன்னாரு மேடம்,” என்றேன். “ஆஸ்துமா இல்ல.”

அதற்குப் பிறகு அந்த அம்மா மளமளவென்று எழுதினார். ஒப்புக்கொள்கிறேன், நேர்மையான பெண். நாலாம் விதி: பரீட்சை வைப்பவர் பக்கத்தில் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். ஐந்தாம் விதி: பெற்றோர் கேட்டால் மறு பரீட்சை உண்டு. ஆறாம் விதி: மூன்றாம், நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த மே மாதமே புதிய விதிப்படி பரீட்சை.

கார்லீனிடம் நடித்துக் காட்டினேன். மூன்று தடவை காட்டச் சொன்னாள்.

மார்ச் 29

கொதிக்கிறது. ஹாஸ்கெல் இன்று பஸ்ஸருகே நின்று, போகிற போக்கில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். கொரிவோவின் பேத்தி அந்த வகுப்பில் இருக்கிறாளே, அவள் மதிப்பெண் எண்பத்தெட்டாம். ‘சிறப்புப் பரிந்துரை’ என்று உள்ளே வந்தாளாம். பரிந்துரை யாருடையது? வாரியத்தினுடையது. வாரியம் யார்?

வியாழக்கிழமை தோறும் அந்தப் பெண்ணை நான்தான் ஏற்றிப் போகிறேன். அது பாவம், நல்ல பிள்ளை, இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லும். அவள் மேல் என்ன தப்பு? ஆனால் என் பிள்ளை கூரையில் ஓட்டை எண்ணிக்கொண்டிருக்கிறாள், இந்த ஆள் என்னைப் பார்த்துப் பாவம் என்கிறார். விடமாட்டேன்.

ஏப்ரல் 5

கடைசிக் கூட்டம். விடவில்லை.

“இன்னொரு விதி வேணும்,” என்றேன். ராத்திரி பூரா மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். “விதி எழுதுறவங்க வீட்டுப் புள்ளைங்க அந்த வருஷம் அந்த விதியால உள்ள வரக் கூடாது. பேரன் பேத்தி உள்பட. பரிந்துரை, சிறப்பு, ஒரு மண்ணும் கெடையாது.” சொல்லிவிட்டு கொரிவோவை நேராகப் பார்த்தேன்.

விட்கோம் அம்மா முகம் மலர்ந்தது. “மிஸ்டர் டிப்போ, இவ்வளவு நியாயமான விதி ஒரு அப்பாகிட்டேருந்து வரும்னு நான் எதிர்பார்க்கல.” ஹாஸ்கெல் மட்டும் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி அடக்கினேன். இப்போது நான் பேசுகிறேன் வாத்தியாரே, என்பது மாதிரி.

வாக்கெடுப்பு. முதலில் உயர்ந்தது கொரிவோவின் கைதான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நாலு கையும் உயர்ந்தன. ஏழாம் விதி.

வாகன நிறுத்தத்தில் கொரிவோ என் தோளைத் தட்டினார். “நல்ல விதி, ரெனோ. என் பேத்தி ஏற்கனவே உள்ள இருக்கா, அவளுக்கு இது பொருந்தாது. பெரிய மனசுய்யா உனக்கு.”

பெரிய மனசா? சாவியை ஓட்டையில் வைத்தபோதுதான்...

கழுதை. முட்டாக் கழுதை. பேரன் பேத்தி வரை யோசித்தவனுக்குப் பெத்த பொண்ணு ஞாபகம் வரலியா?

அதே நாள், சாயங்காலம்

உடனே திரும்ப உள்ளே ஓடினேன். விட்கோம் அம்மா கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். விதியை எடுத்துவிடுங்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார்: “யாருக்காக எடுக்கணும்?” என் மகளுக்காக என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் நானும் ஒரு கொரிவோதானே? ராஜினாமா செய்தால் ஆகுமா என்று கேட்டேன். எழுதியாகிவிட்டது, எழுதியவர் எழுதியவர்தான் என்றார். கண்ணில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை வைத்து நான் என்ன செய்ய?

ஏப்ரல் 6

கார்லீன் காபி மட்டும் வைத்தாள். சர்க்கரை போடாமல்.

மே 24

பரீட்சை நடந்தது. ஹாஸ்கெல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். எல்லோருக்கும் வைக்க வேண்டும் என்பது ஆறாம் விதி, அதனால் ஓடெட்டும் எழுதினாள். ஏழாம் விதி இன்னும் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தைரியம் வரவில்லை.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“ஜாலியா இருந்துச்சுப்பா. இன்னொன்னு கேட்டேன், இல்லைன்னுட்டாங்க.”

ஜூன் 9

தபால். தொண்ணூற்றெட்டு.

கீழே நீல முத்திரை: ‘இவ்வாண்டு பரிசீலனைக்கு உரியதன்று. விதி 7.’

புதிதாகச் சேர்ந்தவர்கள் பட்டியலும் அதோடு இருந்தது. பதினொரு பேர். அதில் ஐந்து பேர் உருளைக்கிழங்குக் கிடங்கில் தரம் பிரிக்கிறவர்களின் பிள்ளைகள். அந்த வீடுகளில் இருந்து இதுவரை ஒருத்தரும் போனதில்லை. சந்தோஷப்பட வேண்டும். பட முயன்றேன். வரவில்லை. டிராயரை இழுத்து மூடிய வேகத்தில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

ஜூன் 10

சொல்லிவிட்டேன். கொல்லைப்புறம், படிக்கட்டில் உட்கார்ந்து. எல்லாவற்றையும். கொரிவோ, பேத்தி, என் கோபம், தூக்கிய கை.

ஓடெட் படியில் இருந்த ஆணிகளை ஒன்றொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு, “நீ எழுதுறப்போ உன் பேரு உனக்கு ஞாபகம் வரலியாப்பா?”

“வரலம்மா.”

“அவரு முகம் மட்டும் ஞாபகம் இருந்துச்சா?”

தொண்ணூற்றெட்டு வாங்கியது சும்மாவா?

“விதி சரிதான்,” என்றாள். “எனக்குத்தான் சரியில்ல.” எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாள். சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. கொரிவோ மேல் வந்த கோபம் எல்லாம் இப்போது எங்கே போகும்? வேறு ஆள் இல்லை. என் மேல்தான்.

செப்டம்பர் 7

புதிய வகுப்பின் முதல் வியாழன். வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் மூன்று ஊர்ப் பள்ளிகளிலும் நிறுத்தி ஏற்றினேன். எங்கள் பள்ளி வாசலில் நாலு பேர் ஏறினார்கள். ஐந்தாம் வகுப்பு ஜன்னலில் ஓடெட் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையசைத்தேன். அவள் அசைக்கவில்லை. கதவை மூடும் பொத்தானை அழுத்த இவ்வளவு நேரம் எனக்கு எப்போதும் ஆனதில்லை. பின்னாலிருந்து ஒரு வாண்டு, “ரெனோ, தூங்கிட்டியா?” என்றது.

ஹாஸ்கெலிடம் நேராகவே கேட்டேன். ஒரு வருஷம் அவள் என்ன செய்வாள்? “தெரியல ரெனோ,” என்றார். “அன்னிக்கு உங்கள நிறுத்தத்தான் பாத்தேன்.” தெரியும். அதையும் நான்தான் கையைக் காட்டித் தடுத்தேன்.

செப்டம்பர் 9

கிடங்கில் தரம் பிரிக்கிறவர் ஒருவரின் மகள் சைக்கிளில் வந்தாள், அந்தப் பதினொன்றில் ஒருத்தி. இரண்டும் அறைக்குள் போய் இரண்டு மணி நேரம். சண்டையா படிப்பா என்று தெரியாத மாதிரி ஒரு சத்தம். போகும்போது அந்தப் பெண், “அந்த மூணாவது கணக்குல நீ சொன்னது தப்புடி!” என்று கத்திவிட்டுப் போனாள். ஓடெட் வாசல்வரை ஓடி வந்து, “நீதான்டி தப்பு!” என்று கத்தினாள்.

செப்டம்பர் 13

திங்களும் செவ்வாயும் வயிற்றுவலி இல்லை. இன்றும் இல்லை. நானாகக் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஓடெட் ஒரு உறையைக் கொண்டு வந்து என் பஸ் ஜாக்கெட்டின் உள்பையில் செருகினாள். நன்றாக ஒட்டியிருந்தாள். மேலே ஹாஸ்கெலின் பெயர்.

“நாளைக்கு வண்டில போறப்ப அவருகிட்ட குடுத்துடு.”

“என்னம்மா இது?”

“போன வியாழக்கெழம வகுப்புல குடுத்த கணக்குத் தாள். அன்னிக்கு சைக்கிள்ல வந்தவ வச்சிருந்தத பாத்து எழுதிக்கிட்டேன். அஞ்சு கணக்கும் போட்டிருக்கேன். மூணாவதுக்கு ரெண்டு விதமா போட்டிருக்கேன். எது சரின்னு அவரு சொல்லட்டும். நீ பிரிக்காத.”

“பிரிச்சா மட்டும் எனக்குப் புரிஞ்சுடுமா?”

சிரிக்கவில்லை. ஆனால் ஜாக்கெட்டின் பொத்தானை அவளே போட்டுவிட்டாள்.

விதிகளை எடுத்து வைத்து, ஒன்றிலிருந்து ஏழு வரை கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன். பஸ் ஓட்டுகிறவன் பையில் உறை கொண்டு போகக் கூடாது என்று எங்கேயும் இல்லை.