தாடையும் தொடையெலும்பும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து விடாத மழை. நியூ டவுன் முழுக்கத் தண்ணீர். டாக்ஸி கிடைக்கவில்லை, ஆய்வகம் போகவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஒரு மேசை விட்டு வைத்திருக்கிறார்கள். போகாவிட்டால் கேட்க ஆளில்லை.

ஆய்விதழிலிருந்து மறுபடி நினைவூட்டல். கட்டுரை பற்றிய என் மதிப்பீடு இன்னும் வரவில்லையாம். உடம்பு சரியில்லை என்று பதில் போட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

கட்டுரை சுமதியுடையது. என்னிடம் பிஎச்.டி. செய்தவள். கோதாவரிப் பக்கம் நான் தோண்டி எடுத்துப் பெயர் வைத்த புதைபடிவ ஊர்வன ஒரே விலங்கு அல்ல என்கிறாள். தாடை ஒன்றுடையது, தொடையெலும்பு வேறொன்றுடையது. என் பெயரை உலகத்துக்குச் சொன்னதே அந்த விலங்குதான். பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

மதிப்பிடுவது யாரென்று எழுதியவருக்குச் சொல்லமாட்டார்கள். என் வேலை பற்றிய கட்டுரை, எழுதியவள் என் மாணவி. முடியாது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். படித்துவிடும் ஆசையில் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த மாதம் எனக்குப் பாராட்டுக் கருத்தரங்கு. அதுவரை இது வெளிவராமல் இருந்தால் போதும். இதோ, மனசில் இருந்ததை எழுதியே விட்டேன்.

ஜூலை 10, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். லேக் மார்க்கெட்டில் வாங்க: புளி, அப்பளம், நல்லெண்ணெய். வீட்டுக்காரருக்கு பிரஷர் மாத்திரை.

மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் சுமதி. கார்டன் ரீச்சிலிருந்து பஸ் மாறி மாறி. அவள் அப்பா ரயில்வே, பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். கருத்தரங்கில் வரவேற்புரை அவள்தானாம். என் பழைய போட்டோக்கள் வேண்டுமாம்.

தயிர்சாதம், வாழைக்காய் வறுவல் போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டு, வங்காளி வழக்கப்படி பெயரோடு 'தீதி', அதாவது அக்கா, ஒட்டிச் சொன்னாள்:

"வசந்தாதி, கோச்சுக்கக் கூடாது. உங்க மிருகத்தைப் பத்தி ஒரு பேப்பர் அனுப்பிருக்கேன். முதல்ல உங்ககிட்ட காட்டிருக்கணும். பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

"நீங்க தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா அனுப்பிருக்கவே மாட்டேன்."

தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தேன்.

"யாரோ ஒரு ரெவ்யூவர் அதை அமுக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. கீ முஷ்கில், என்ன தொல்லை! வேலைக்கு இன்டர்வியூ வருது. அதுக்குள்ள அக்செப்ட் ஆகலைன்னா என்னைச் சீந்தமாட்டாங்க. கொஞ்சமாவது மனசாட்சி வேணாமா அந்த ஆளுக்கு?"

"வரும், வரும்" என்றேன்.

அவள் போனதும் இவர் கேட்டார், "ஏன் முகம் இப்படி இருக்கு?" வெயில் என்றேன். வெயிலே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

ஆய்வகம். வராந்தாவில் யாரோ: "தீதியோட மிருகத்தைத்தான் பேனர்ல பெரிசா போடறாங்களாம்."

இரண்டு எலும்பையும் வெளியே எடுத்தேன். சுமதி அவற்றிலிருந்து மெலிதாகச் சீவிய துண்டுகளும் அங்கேயே இருந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் வளையம் போல வளர்ச்சிக் கோடுகள் தெரியும். தாடை, வளர்ந்து முடிந்த கிழ விலங்குடையது. தொடையெலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருந்த குட்டியுடையது. அந்தக் குட்டித் தொடையே கிழத் தாடைக்குப் பொருந்தாத பெரிசு. ஒரே உடம்பாக இருக்க வழியே இல்லை. ஒரே குழியில் கிடைத்தது, சேர்த்துவிட்டேன். சீவிப் பார்க்கும் வசதி அன்று எங்களுக்கு இல்லை. தப்பு நேர்ந்ததில் வெட்கமில்லை. மூடி வைக்கப் பார்த்தேனே, அதில்தான்.

எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாள். ஒரு நிமிஷம் எல்லாம் மறந்து சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "பேர் சொல்லாம நல்லபடியா எழுதி அனுப்பிடேன். அவளுக்கும் நல்லது, உனக்கும் நல்லது." நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பிடிக்கவில்லை.

ஜூலை 12, சனி

மதிப்பீட்டை அனுப்பியாயிற்று. கட்டுரை சரி, வெளியிடலாம். நான் இதை ஏற்றிருக்கவே கூடாது, தாமதம் வேண்டுமென்றே செய்தது. கட்டுரை எழுதியவளிடம் என் பெயரைச் சொல்லலாம் என்றும் எழுதினேன். "உடல்நலக் குறைவால்" என்று முதலில் தட்டியிருந்தேன். அழித்தேன்.

கருத்தரங்குக்காரர்களைக் கூப்பிட்டு பேனரில் விலங்கு வேண்டாம் என்றேன். "என்ன தீதி, இவ்ளோ அடக்கமா!" என்று சிரித்தார்கள்.

ஜூலை 21, திங்கள்

மறுபடி மழை. முதுகு வலி. சுமதி போன்.

"பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சு. இன்னொரு ஆளை வச்சும் பாத்தாங்களாம்."

"ரொம்ப சந்தோஷம்மா."

"உங்க பேரும் வந்துச்சு."

அவள் பக்கம் பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு உங்க எதிர்லயே உக்காந்து திட்டினேன். நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"ஆமா."

"அப்பவாவது சொல்லிருக்கலாமே."

விதிப்படி சொல்லக் கூடாது என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "தப்புதான். மன்னிச்சுடு" என்றேன்.

"வரவேற்புரைக்கு வேற யாரையாவது போட்டுக்கச் சொல்லுங்க. நான் கீழ உக்காந்துக்கறேன். நீங்க மேடையில என்ன சொல்றீங்கன்னு கேக்கணும்."

வைத்துவிட்டாள்.

உரை எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் அவள் பெயர். அதற்குமேல் ஓடவில்லை.