நடந்து பார்க்காத அரைக் கிலோமீட்டர்

ஜூன் 4

அன்புள்ள சின்னவனுக்கு,

முந்தாநாள் மருந்துக்கடைக்காரர் என் கண் சொட்டு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், மலையில ஒரு பொண்ணு விழுந்து செத்துப்போச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கே, அது உங்க தம்பி பாதைக் காவலாளியா இருக்கிற மலைதானே?" ஆமாம் என்றேன். மருந்தை வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு மாமா போய் வாங்கிவந்தார்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஜீப் தபால் எடுத்துப்போகிறது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். இரண்டு செவ்வாய் போய்விட்டது. உனக்குக் கடிதம் எழுதுவது பாதையில் விழுந்த மரத்தை அறுப்பதைவிடப் பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த மாதிரி நேரத்தில் நாலு வரி போடக்கூடாதா?

"வழி தவறிச் சென்றதால்" என்று பேப்பரில் இருக்கிறது. அது எனக்குப் போதவில்லை. ஆற்றில் வெள்ளம் என்று மட்டும் எழுதும் பிள்ளைக்கு நான் பாதி மார்க்தான் போடுவேன். எந்தக் கரை, எந்த வளைவு என்று எழுதினால்தான் மீதி. அதனால் கேட்கிறேன். எந்த இடத்தில் விழுந்தாள்? ஏறும்போதா, உச்சியிலிருந்து இறங்கும்போதா?

மாமாவுக்கு இருமல் விடவில்லை. ஜூலை ஆறாம் தேதி பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர்கள் கூட்டம். நான் வரைந்த வரைபடங்களைப் பெரிதாக்கி மாட்டப்போகிறார்களாம். உன் மலைப் படமும் உண்டு. நீ வரமாட்டாய், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஈரத் துணியோடு உட்கார்ந்திருக்காதே.

அன்புடன்,
அக்கா

---

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் மாமாவும் நல்லா இருக்கீங்களா? ஜீப் ரெண்டு வாரமும் வந்துச்சு, நான்தான் குடிசையில இல்ல.

இடம் கேட்டிருக்க. உச்சியிலேர்ந்து கிழக்கால இறங்கினா மேல் மரக்கிடங்கு வரும்ல, அதுக்குக் கீழ. மரக் கம்பெனி இருந்த காலத்துல வெட்டின மரத்தையெல்லாம் அங்க இழுத்துட்டு வந்து போட்டு, விளிம்புலேர்ந்து உருட்டி விட்டுருவாங்களாம். கீழ் கிடங்குல பொறுக்கி லாரியில ஏத்திக்குவாங்க. மரத்துக்கு எதுக்கு ரோடு? தள்ளிவிட்டாப் போதும். அதனால ரெண்டு கிடங்குக்கும் நடுவுல வழியே கிடையாது. செங்குத்தா நூத்தம்பது அடி. வெட்டின இடத்துல இப்ப ஒரே வயசு மரமா நெருக்கியடிச்சு முளைச்சிருக்கு. மேலேர்ந்து பார்த்தா பாய் விரிச்ச மாதிரி சமமா தெரியும்.

அந்தப் பொண்ணு நர்ஸ். முப்பத்தோரு வயசு. புருஷனும் கூட விழுந்தார். ஒரு அடிக்கட்டையில மாட்டிக்கிட்டதால உயிர் தப்பினார், இடுப்பு போச்சு. ஒரு ராத்திரியும் அரைப் பகலும் அங்கயே கிடந்திருக்கார். கீழே கிடந்தவகிட்ட பேசிக்கிட்டே இருந்தாராம். கொஞ்ச நேரம் அவ பதில் சொன்னாளாம். நாங்க நாலு பேர் தூக்கிட்டு வந்தோம்.

பாதை ஆரம்பத்துல பலகையில இருக்கிற வழிப் படத்தை அவங்க போன்ல எடுத்து வெச்சிருந்தாங்க. அதுல மேல் கிடங்குலேர்ந்து கீழ் கிடங்குக்குப் புள்ளிக்கோடு இருக்கு. விசாரணை அதிகாரி, "இதை யாருய்யா வரைஞ்சது?"ன்னார். நான்தான்னேன். பக்கத்துலயே என் கையெழுத்துல ரிப்போர்ட் இருக்கு, கோழி கிளறின மாதிரி. அதையும் பார்த்துட்டு மனுஷன் நம்பிட்டார் பாரேன்! அவர் இங்க புதுசு. நீ போட்டதுன்னு ஜீப் டிரைவருக்குத் தெரியும், ஆனா வாயைத் திறக்கமாட்டான்.

ஜூலை 9 விசாரணை. நீ எதுவும் எழுதிப் போட்டுடாத. கண்ணைப் பார்த்துக்கோ.

தம்பி

---

ஜூன் 18

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். புள்ளிக்கோடு என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை அவரே வாங்கிப் படித்துக்கொண்டார்.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கம்பெனி மூட்டை கட்டிய மறுவருஷம். நீ வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நான் விடுமுறைக்கு வந்து பத்து நாள் இருந்தேன். பாதைப் படம் போட, மரம் இழுத்த தடங்களையெல்லாம் கயிறு போட்டு அளந்தோம். ஒன்பதாம் நாள் உச்சிக்குப் போனோம். மூன்று பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை அடிக்கட்டைகள், மழையில் வெளுத்து. கிழக்குச் சரிவை மட்டும் அவர்கள் முதலிலேயே வெட்டி முடித்திருந்ததால் அங்கே ஆள் உயரத்துக்கு மேல் பச்சை எழும்பியிருந்தது. அதைப் பார்த்துத்தான், "இந்தப் பக்கம் பிழைச்சிடுச்சு" என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மேல் கிடங்கிலிருந்து ஒரு தடம் அந்தப் பச்சைக்குள் இறங்கியது. கீழ் கிடங்கிலிருந்து ஒன்று ஏறிவந்து நுழைந்தது. இரண்டும் நேருக்கு நேர். ஒரு தெருவின் இரண்டு முனையும் தெரிந்தால் நடுவிலும் தெரு இருக்கும் என்றுதானே நினைப்போம்? "நாளைக்குப் போய்ப் பார்த்துடலாமா அக்கா?" என்று நீ கேட்டாய். என் குதிகாலில் கொப்புளம், மறுநாள் பஸ். வீட்டுக்கு வந்து, நடந்து பார்க்காத அந்த அரைக் கிலோமீட்டரைப் புள்ளி வைத்து இணைத்தேன். பிள்ளைகளின் படத்தில் இடைவெளி இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள் நான். என் படத்தில் ஓர் ஓட்டை இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

விசாரணைக்கு நான் எழுதத்தான் வேண்டும். "அவன்தான் சொல்லிட்டானே, நீ எதுக்கு இப்ப போய்க் கிளறுற?" என்கிறார் மாமா. ஆறாம் தேதிக் கூட்டம் வேறு இருக்கிறது. யோசிக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இத்தனை வருஷம் அங்கேயே இருக்கிறாய். அங்கே வழி இல்லை என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அக்கா

---

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்னேன் அக்கா. மறுவருஷமே எழுதினேன். புள்ளிக்கோடு போட்ட இடத்துல பெரிய பள்ளம் இருக்குன்னு. அடுத்த லீவுல புதுசா வரைஞ்சு தர்றேன், அதுவரைக்கும் அந்தப் பக்கம் யாரையும் விடாதேன்னு நீ பதில் போட்ட. அடுத்த லீவுல பரீட்சைப் பேப்பர் திருத்தப் போயிட்ட. அதுக்கடுத்த லீவுல மாமா ஆஸ்பத்திரியில இருந்தார். அப்புறம் நான் கேக்கல.

உன்னை மட்டும் சொல்லல. என் அறையில எப்பவும் வெள்ளைப் பெயிண்ட் இருக்கும். அந்தக் கோட்டை அழிக்க ரெண்டு நிமிஷம் போதும். ஆனா வர்றவங்க பலகை முன்னாடி நின்னு, "அச்சடிச்ச மாதிரி இருக்கே, யாரு போட்டது?"ம்பாங்க. எங்க அக்கா, டீச்சர்னு சொல்லுவேன். டீச்சர் போட்ட படத்து மேல நான் பெயிண்ட் அடிக்கிறதா? கை வரல. படத்தை விட்டுட்டு மலையைத் திருத்தப் போனேன். மேல் கிடங்கு முனையில ரெண்டு கம்பம் நட்டு, குறுக்கே ஒரு கட்டை வெச்சேன். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துவேன். போன தடவை மாத்தல. மேற்கால புதுப் பாதை வெட்டச் சொன்னாங்க, எட்டு மாசம் அங்கயே கிடந்தேன். கட்டை உளுத்துப்போய் விழுந்திருக்கு. ஏதோ விழுந்த மரம்னு நினைச்சு அவங்க அதைத் தாண்டிப் போயிருக்காங்க.

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் புருஷனைப் பார்த்தேன். திட்டல. "நீங்க அந்த இடத்துல நடந்திருக்கீங்களா?"ன்னார். இல்லைங்க, அங்க யாராலயும் நடக்க முடியாதுன்னேன். "அப்புறம் ஏன் வரைஞ்சீங்க?"ன்னு கேட்டார். அந்தப் பதில் என்கிட்ட இல்லவே இல்ல.

அதனால எழுதாதேன்னு சொன்னதை மாத்திக்கிறேன். எழுது. படம் யார் போட்டது, நான் உனக்கு எப்ப சொன்னேன், அதை மட்டும். என் மேல ரெண்டு குத்தம் எழுதியிருக்காங்க. கட்டை என்னுது, அதுக்கு நானே பதில் சொல்லிக்கிறேன். கோடும் என் தலையில விழுந்தா வேலையும் போயிடும், குடிசையும் போயிடும். இருபத்துநாலு வருஷமா எனக்கு வேற வீடு கிடையாது. உனக்கே தெரியும்.

தபால் நாலு நாள் எடுக்குது. ஒன்பதாம் தேதிக்கு முன்னாடி வந்து சேரணும்.

தம்பி

---

ஜூலை 7

அன்புள்ள சின்னவனுக்கு,

நேற்றுக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. முந்நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நான் காது திருகின ஒருவன் இப்போது பெரிய டாக்டர். "இன்னும் வலிக்குது டீச்சர்" என்று காதைப் பிடித்துக் காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். உன் மலைப் படத்தை மேடைக்குப் பின்னால் சுவர் அளவுக்கு மாட்டியிருந்தார்கள். அந்த அளவில் புள்ளிக்கோடு என் கை நீளத்துக்கு இருந்தது. அதற்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

இன்று காலை விசாரணை அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். நாலு தடவை எழுதிக் கிழித்ததில் நாள் ஓடிவிட்டது. சேர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். மனத்தைத் தளரவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

---

ஜூலை 23

அன்புள்ள அக்காவுக்கு,

தீர்ப்பு சொல்லிட்டாங்க. வேலை போயிடுச்சு. மாசக் கடைசிக்குள்ள குடிசையைக் காலி பண்ணணும்.

உன் கடிதம் பதினொண்ணாம் தேதி வந்துச்சாம். அதிகாரி கூப்பிட்டுக் காட்டினார். தீர்ப்பு எழுதியாச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னார். அப்புறம், "உங்க அக்கா தேதி பார்க்கத் தெரியாதவங்களா?"ன்னு கேட்டார்.

நேத்து கடைசியா உச்சிக்குப் போனேன். நல்ல வெளிச்சம். எல்லாப் பக்கமும் காடு மூடிடுச்சு, ஒரு அடிக்கட்டைகூடத் தெரியல. எல்லாம் பிழைச்சிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு நாலு பேர் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. ரொம்ப அழகா இருந்துச்சு. நான் உடனே இறங்கிட்டேன்.

எங்க போறேன்னு இன்னும் முடிவு பண்ணல. மாமாவைக் கேட்டதாச் சொல்லு.

தம்பி

---

செப்டம்பர் 2

சின்னவனுக்கு,

நாலு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இதை ஜீப் டிரைவர் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். நீ இருக்கும் இடம் அவருக்குத் தெரியும் என்றும், சொல்லக் கூடாது என்று நீ கேட்டுக்கொண்டாய் என்றும் போனில் சொன்னார். கொடுத்துவிடுகிறேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டார்.

எனக்குத் தேதி பார்க்கத் தெரியும். ஏழாம் தேதி போட்டால் பதினொன்றுக்குத்தான் சேரும் என்று தெரிந்தேதான் போட்டேன். நாலு தடவை கிழித்தேன் என்று எழுதியது பொய். ஒரே தடவைதான் எழுதினேன், ஜூலை ஒன்றாம் தேதி. ஆறு நாள் என் கைப்பையில் இருந்தது. அவசரம் என்றால் ஆபீசுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அந்த மேடையில் ஒரு மணி நேரம் நல்ல டீச்சராக நிற்க ஆசைப்பட்டேன். அதற்கு உன் வீட்டைக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் கணவருக்கு எழுதினேன். "அப்புறம் ஏன் வரைஞ்சீங்க?" என்ற கேள்விக்குப் பதில் என்னிடம்தானே இருக்கிறது. பிரிக்காமல் திரும்பிவந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படத்தைக் கழற்றச் சொன்னேன். "நல்ல படமாச்சே டீச்சர்" என்றார்கள். காரணத்தைச் சொன்னேன். கழற்றினார்கள்.

ஒன்றை இப்போதுதான் யோசித்தேன். வகுப்பில் நான் கரும்பலகையில் தப்பாகக் கணக்குப் போட்டால், கடைசி வரிசைப் பிள்ளைகள் உடனே கத்துவார்கள். முதல் வரிசைப் பிள்ளைகள் தப்பைப் பார்த்துவிட்டு, டீச்சர் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று அதையே நோட்டில் எழுதிக்கொள்வார்கள். முதல் வரிசைதான் எனக்குப் பிடிக்கும். உன்னை நான் அந்த வரிசையிலேயே வளர்த்துவிட்டேன். பள்ளம் இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாய். அதற்கு மேல் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. இப்போதும் நீ என்னைத் திட்டவில்லை, மாமாவை விசாரிக்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாய்.

ஒரு தாளை எடு. நான் செய்தது உனக்கு என்னவாகத் தோன்றுகிறதோ அதை அப்படியே எழுது. எனக்கு அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி. ஆனால் முதல் வரியில் அக்கா என்று போடாமல் எழுதிப் பார்.