டோரிஸின் கதவுக்கடியில் கிடைத்த செய்தித்தாள்

ஸ்கார்பெக், யார்க்ஷயர்
மே 19

அன்புள்ள மகன் ரஸ்ஸலுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்கால் வலியும் என் ரத்தக் கொதிப்பும் நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம். நியூசிலாந்தில் நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக நீ திடமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதம் முழுக்க உனக்குத் திட்டுத்தான். போனிலேயே திட்டியிருப்பேன், ஆனால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு அங்கே மழையா குளிரா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள். கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது, உட்கார்ந்து படி.

உன் தங்கை ஹெதருக்கு ஜூன் பதினாலில் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை, வரமுடியாது என்று நீ சொன்ன அன்றைக்கு அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்புறம் நீயே போன் செய்து, அழாதடி, எனக்குப் பதிலா டோரிஸ் வருவா, என் கார்லயே ஏறிச் சர்ச்சுக்குப் போ, நான் கூட வந்த மாதிரி இருக்கும் என்று சொன்னாய். அந்த ஒரு வார்த்தையில் அவள் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாளே காரில் கட்ட வெள்ளை ரிப்பன் எட்டு கஜம் வாங்கி வந்துவிட்டாள். நீ போன நாளிலிருந்து உன் பழைய கார் டோரிஸ் நம் ஷெட்டில் துணி போர்த்தித்தான் நிற்கிறது, மாதம் ஒருமுறை எஞ்சினை ஓடவிட்டதோடு சரி. அதனால் கல்யாணத்துக்கு முன், கார் ஓடத் தகுதியா என்று பார்க்கிற ஆண்டுச் சோதனைக்கு ஒரு தடவை விட்டுப் பார்க்கிறேன் என்றேன். சொன்னதுதான் தாமதம், வீடே என் மேல் பாய்ந்தது. நாப்பது வருஷம் தாண்டின காருக்குச் சோதனையே வேண்டாம்னு சட்டமே சொல்லிடுச்சு, உங்களுக்கு மட்டும் என்னப்பா வந்துச்சு என்கிறாள் ஹெதர். பழைய கார் கிளப்பில் நார்மன் இருக்கிறானே, அவன் எல்லார் முன்னாலும், ஏன்யா மால்கம், பரீட்சையே இல்லன்னு வாத்தியார் சொன்னப்புறமும் பென்சில் சீவிக்கிட்டு நிக்கிற ஒரே ஆளு நீதான்யா என்றான். சிரித்தார்கள், சிரிக்கட்டும். சட்டம் சோதனைக்குத்தான் விலக்கு கொடுத்தது, துருவுக்குக் கொடுக்கவில்லை. நம் வீட்டிலிருந்து பாலத்துக்கு இறங்கும் சரிவு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா, மணப்பெண்ணை வைத்துக்கொண்டு அதில் பிரேக் பிடிக்கவில்லையென்றால் சட்டப் புத்தகமா வந்து தடுக்கும்?

சென்ற வியாழக்கிழமை கொண்டுபோனேன். என் பழைய பட்டறையை இப்போது டெரெக்தான் பார்த்துக்கொள்கிறான், பத்து வருடம் என்னோடு வேலை செய்தவன். போகும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. வலிய வந்து சோதனைக்கு நிக்கிற கிழட்டுக் காருங்க, மூணு வருஷக் காரைவிட நல்லா பாஸாகுது மால்கம், வீட்டுல அப்படிச் சீராட்டுறாங்க, வராம இருக்குறதுங்கள நெனச்சாத்தான் எனக்குப் பயம் என்று டெரெக்கும் சொன்னான். டோரிஸைத் தூக்கி நிறுத்தினான். விளக்கு எரிந்தது, ஸ்டியரிங் சரி. அப்புறம் சின்னச் சுத்தியலை எடுத்து அடியில் தட்டிக்கொண்டே வந்தான். டங், டங் என்று இரும்பு பேசியது. இடது கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிறதே ஒரு பட்டை, முழுக் காரையும் தாங்கிப் பிடிக்கிற பட்டை, அங்கே வந்ததும் சத்தம் செத்துப்போனது. மறுபடி தட்டினான். என் முகத்தைப் பார்த்தான். அங்கே இருந்தது இரும்பே இல்லை. பெயின்டுக்கு அடியில் ஓட்டையை மறைக்கப் பூசுகிற பட்டி, பட்டி மட்டும்தான். ஒரு குத்துக் குத்தியதும் கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது, பின்னாலேயே கசக்கித் திணித்த காகிதம் சரசரவென்று சரிந்தது. உள்ளே ஓடும் பிரேக் குழாயும் துருப்பிடித்து நூலாக நின்றது. கதவு மூடியிருக்கிற வரைக்கும்தான் இது காரு, திறந்தா ரெண்டா மடிஞ்சிரும் என்றான் டெரெக்.

அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். நம் ஊர்ச் செய்தித்தாள், 2018 மார்ச். குறுக்கெழுத்துப் போட்டி பச்சை மையில் நிரப்பியிருந்தது. இந்த ஊரில் பச்சைப் பேனாவால் குறுக்கெழுத்து போடுகிற பைத்தியம் உன் அம்மா ஒருத்திதான். படுபாவி, நம் வீட்டுச் செய்தித்தாளையாடா திணித்தாய்? பூசி மெழுகத்தான் துணிந்தாயே, அடுத்த வீட்டுக் காகிதமாவது எடுத்திருக்கக் கூடாதா? நியூசிலாந்து போகிற அவசரம், வெல்டிங் செய்ய நேரமில்லை, அதுதானே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் செய்து கொடுத்திருப்பேனே. வெல்டிங் முடிச்சாச்சுப்பா, நீங்க கவலப்படாதீங்க என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவன் நீ.

இதைவிட என்னைக் கொதிக்கவைப்பது வேறு. அந்த மார்ச்சுக்கு அடுத்த மாதம், 2018 ஏப்ரலில், டோரிஸுக்குக் கடைசிச் சான்றிதழ் எழுதியது யார் என்று நினைவிருக்கிறதா? நான்தான். இருபத்தாறு வருடச் சோதனை வேலையில் மச்சான் காரென்றும் பாதிரியார் காரென்றும் பார்க்காமல் பெயில் போட்டவன் நான். அன்றைக்கு உன் பேச்சை நம்பி, அந்தப் பட்டையை மட்டும் தட்டாமல், டீ ஆறுகிறதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்கடுத்த மாதம் விலக்கு வந்தது, பிறகு யாரும் கேட்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அந்த வேலி நான்தான், ரஸ்ஸல். டெரெக் என்னைப் பார்க்காமல் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

வீட்டில் இப்போது நான்தான் வில்லன். பெத்த பொண்ணோட கல்யாணக் காரையே பெயில் பண்ணிட்டு வந்த மகராசன் என்று உன் அம்மா நான்கு நாளாக எனக்கு ரொட்டியும் ஆறிப்போன பீன்ஸும்தான் வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாசனை மட்டும்தான் எனக்கு. ஹெதர் ரிப்பனைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டாள், அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் அவளை உட்காரவைத்து என் பாதியைச் சொல்லிவிட்டேன். அந்த வருடம் தட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், தப்பு என் மேல் என்றேன். நீங்களாப்பா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எழுபத்தொரு வயதில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியிருக்க வேண்டாம். உன் பாதியைச் சொல்லவில்லை. செய்தித்தாள் என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது, அம்மாவுக்கும் தெரியாது. மீதியை அவள் உன் வாயால் கேட்கட்டும்.

உனக்குப் பதிலாக டோரிஸ் வருவாள் என்று உன் தங்கையிடம் சொன்னாய். டோரிஸ் பெயில். ஆகவே நீதான் வரவேண்டும். லீவு இல்லை என்கிற கதையெல்லாம் எனக்கு வேண்டாம், வேலையே போனாலும் போகட்டும், உனக்கு இருக்கிறவள் ஒரே தங்கை. ஜூன் ஐந்துக்குள் வந்து சேர். புதுப் பிரேக் குழாய் வாங்கிவிட்டேன், தகடு அளந்து வெட்டி வைத்துவிட்டேன், ஆனால் ஒரு பொட்டு வெல்டிங்கூட நான் வைக்கமாட்டேன், அது உன் வேலை. முடித்ததும் சுத்தியல் என் கையில் இருக்கும். இந்தத் தடவை டீ ஆறினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு அங்குலமும் தட்டிப் பார்ப்பேன். டங் என்று கேட்டால் ஹெதர் டோரிஸில் ஏறுவாள், நீ ஓட்டு. கேட்காவிட்டால் நீ, நான், ஹெதர் மூன்று பேரும் அந்தச் சரிவில் நடந்தே சர்ச்சுக்குப் போவோம்.

கோபத்தில் எழுதினாலும் பெற்ற மனம்தானே, நீயும் உன் மனைவியும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். உன் மனைவியிடம் இதைக் காட்டாதே, அவளாவது உன்னைப் பற்றி நல்லபடியாக நினைக்கட்டும். பழைய வேலை உடுப்பை மறக்காமல் எடுத்து வா, என்னுடையது உன் வயிற்றுக்குப் போதாது.

கோபம் தீராத உன் அப்பா,
மால்கம்