போன் வழியாக இந்துமதியைப் பார்த்த டாக்டரம்மா

நடுவட்டம்
16.6.2021

அன்பு மகன் சுரேந்திரனுக்கு உன் சித்தி விஜயா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே உன் பெண்டாட்டி இந்துமதியும், பிறந்து ஒன்பது நாளான உன் மகளும், நானும் சுகமாக இருக்கிறோம், அந்தக் கத்தார் வெயிலில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று அந்தத் தாயிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். குழந்தை பிறந்த அன்று போனில் எல்லாம் நல்லபடி முடிந்தது, கொஞ்சம் முன்னாடியே பிறந்துவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். அது பாதிதான் மகன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நர்ஸ் ஜெஸிந்தா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் நாலு பேருக்குக் கொரோனா வந்து முன்னும் பின்னும் தகரம் வைத்து அடைத்தது உனக்குத் தெரியும். பஸ்ஸும் கிடையாது. எட்டாவது மாதக்காரியை எப்படி ஊட்டிக்குக் கொண்டுபோய்க் காட்டுவது என்று நான் தவித்தபோது, அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிற ஹன்னா டாக்டரம்மா வாரம் ஒரு நாள் வீடியோவில் பார்ப்பார் என்று ஜெஸிந்தா சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. வயிற்றைத் தொடாமல், கையைப் பிடிக்காமல் என்னத்தைப் பார்ப்பது? நம் வீட்டில் சாமி தட்டுக்குப் பக்கத்தில்தான் சிக்னல் வரும், அதனால் மாரியம்மன் படத்தில் சாய்த்துப் போனை நிறுத்திவிட்டு, இந்துமதிக்குத் தலை வாரிப் பொட்டு வைத்து, கழுத்து வரை போர்வையைப் போர்த்தி உட்கார வைத்தேன். டாக்டரம்மா அவளைக் கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன், பெரியவள் இருக்கும்போது சின்னவள் பேசுவது நம் வழக்கம் இல்லையே. நல்லாச் சாப்பிடுறாங்க, நல்லாத் தூங்குறாங்க என்றேன். கால் வீக்கம் இருக்குதுங்களா என்றார், இல்லைங்க என்றேன். இருந்தது மகன், செருப்பே நுழையவில்லை. புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்காமல் இருக்குமா என்று நினைத்தேன். அதோடு, இருக்கிறது என்றால் காட்டச் சொல்வார், சாமிக்கு நேராகக் காலை நீட்டுவதா? இரண்டு வாரம் இப்படியே ஓட்டினேன்.

மூன்றாவது வாரம் அவர் விடவில்லை. அம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, அந்தப் பொண்ணு பேசட்டும் என்றார். போன வாரத்துக்கு மூஞ்சி உப்பியிருக்குதே, தலை வலிக்குதா கண்ணு என்று கேட்டார். இந்துமதி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரெண்டு நாளா வலிக்குதுங்க, கண்ணு முன்னால பூச்சி பறக்கற மாதிரி இருக்குதுங்க என்றாள். என்னிடமும் சொன்னாள்தான், நான் குளிருக்கு வந்தது என்று சுக்குப் பற்றுப் போட்டுவிட்டேன். காலைக் காட்டச் சொன்னார். நான் சாமி படத்தைச் சொன்னேன். உங்க மாரியம்மாகிட்ட நான் பேசிக்கறேனுங்க, மொதல்ல அந்தக் காலைத் தூக்கச் சொல்லுங்க என்று ஒரு அதட்டுப் போட்டார் பார், கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பிடித்தேன். கட்டைவிரலை வெச்சு அமுக்கி எடுங்க என்றார். பிசைந்த மாவில் அமுக்கின மாதிரிக் குழி அப்படியே நின்றது.

டாக்டரம்மா எங்களைப் போனை வைக்கச் சொல்லாமலேயே இன்னொரு போனில் ஜெஸிந்தாவை ஓடிவரச் செய்தார். பிரஷர் நூற்றி எழுபது. ஜெஸிந்தா ஒரு சின்ன மிஷினை வயிற்றில் வைத்தாரோ இல்லையோ, உன் மகளின் நெஞ்சு டக்டக்கென்று அடிக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அதே சத்தத்தை, மலைக்கு அந்தப் பக்கம் ஊட்டியில் உட்கார்ந்து டாக்டரம்மாவும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார் மகன்! பாப்பா தெம்பா இருக்குது, அம்மாவைச் சீக்கிரம் அனுப்புங்க என்றார். கையகலக் கண்ணாடிக்குள் இருந்துகொண்டே என்ன ஊசி போடுவது என்று சொல்லி, ஆம்புலன்ஸை வரவழைத்து, தகரத்தைப் பிரிக்கவும் ஆள் சொல்லிவிட்டார். நான் கற்பூரத் தட்டை ஏந்துவது போல அந்தப் போனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ரோடு வரை நடந்தேன். அன்று மாலையே ஆபரேஷன். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் வலிப்பு வந்து இரண்டு உயிரும் போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். நேற்று வீட்டுக்கு அனுப்பும்போதுதான் டாக்டரம்மாவை நேரில் பார்த்தேன், கண்ணைத் தவிர முழுக்க மூடின உடை, குரலை வைத்துத்தான் தெரிந்தது. காலில் விழப் போனேன். தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க என்று கத்திவிட்டார். அங்கிருந்தே கும்பிட்டேன். தொடாமலே காப்பாற்றினவரைத் தொடாமல்தான் கும்பிட முடிந்தது.

குழந்தை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் பால் குடிக்கிறாள், அழுகை ஊரைக் கூட்டுகிறது. இந்துமதிக்குப் பிரஷர் இன்னும் முழுக்க இறங்கவில்லை, மாத்திரை போடுகிறாள். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா மறுபடி பார்க்கும்போது நான் அடுப்படியில் இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வந்தால் திட்டு மகன், வாங்கிக்கொள்கிறேன். ஆத்தா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், ஃப்ளைட் விட்டதும் முதல் ஃப்ளைட்டில் உன் மகளிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இனி போன் செய்தால் இந்துமதி எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்காதே, நான் நல்லாயிருக்கா என்றுதான் சொல்வேன், என் வாய் அப்படிப் பழகிவிட்டது. அவளிடமே கேள். அவள் சொல்லி முடிக்கிறவரை போனை வைக்காதே.

உன்னைப் பெறாமல் வளர்த்த சித்தி,
விஜயா