சிக்கெடுக்கும்போது

என்னங்க,

ஆய்வகத்தில் ஆள் இல்லையென்று கூப்பிட்டுவிட்டார்கள். இருட்டிய பிறகுதான் வருவேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

இன்று மகள் தலைக்குக் குளிக்கும் நாள். சிக்கெடுப்பது உங்கள் பொறுப்பு. சுருட்டை முடியைக் காய்ந்தபின் தொடாதீர்கள். ஈரத்திலேயே கண்டிஷனர் தடவி, அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே போக வேண்டும். துவட்டத் துண்டு வேண்டாம், முடி பறக்கும். அதற்கு உங்கள் பழைய பனியன் குளியலறைக் கொக்கியில் தொங்குகிறது.

நேற்று, "பார்லர்ல மருந்து போட்டு நேராக்கிட்டா ரெண்டு பேருக்கும் விடுதலை. அவளே கேக்குறா, நீ ஏன் முட்டுக்கட்டை போடுற?" என்றீர்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பதில் இதுதான். நம் வீட்டு ஊமைக்கோட்டான் வாயைத் திறப்பது சிக்கெடுக்கும்போது மட்டும்தான். முகம் பார்க்க வேண்டாமே, முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாம் சொல்லிவிடுவாள். வகுப்பில் அவளைப் 'புதர்' என்று கூப்பிடுகிறார்களாம். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா, பள்ளிக்கூடத்துக்கே சண்டைக்கு வந்துருவாரு" என்றாள். சொல்லிவிட்டேன். தெரியாததுபோல இருங்கள்.

முடி அவளுடையது. சாயங்காலம் பார்லரில் நீங்கள் சொல்லிவைத்த நேரத்தை நான் மாற்றவில்லை. பேசி முடித்த பிறகும் அவள் வேண்டுமென்றால் அழைத்துப் போங்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன்.

வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

இன்னொன்று. அவசரப்படாமல் எடுங்கள். சிக்கு தீர்ந்ததும் எழுந்து போய்விடுவாள்.