பிரேக்கில் கோளாறு இல்லை

மார்ச் 4
பள்ளிப் பேருந்தின் பிரேக் இன்றும் பஞ்சு மாதிரிதான் இருந்தது. மறுபடியும் மெக்கானிக்கிடம் புகார் சொன்னேன். அவனே ஏறி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். “பிரேக் கல்லு மாதிரி இருக்குக்கா. உங்க காலைத்தான் கழட்டிப் பார்க்கணும்” என்று சிரித்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வண்டி ஓட்டத் தெரியாதவளா நான்?

மார்ச் 5
குளித்துவிட்டு வந்தால் தரையெல்லாம் ரத்தம். வலது பாதத்தில் கண்ணாடிச் சில்லு. எப்போது குத்தியது? வலிக்கவே இல்லையே!

மார்ச் 6
போன வருடம் ரத்தத்தில் ஏதோ புரதம் கூடுதலாக இருக்கிறது என்றார்களே, அதுவா? “பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் பண்ணாது. வருஷம் ஒரு தடவை பார்த்தா போதும்” என்றார் டாக்டர். நானும் மறந்தே போனேன். வீட்டில் இவரிடம், என் வீட்டுக்காரரிடம், கேட்டேன். “அதான் ஒண்ணும் பண்ணாதுன்னுட்டாங்களே, சும்மா மனசைப் போட்டு உழப்பிக்காதே” என்றார். ஆனால் பேச்செல்லாம் என் காலைப் பார்த்துத்தான்.

மார்ச் 9
சிக்னலில் பிரேக்கை அழுத்தினேன், வண்டி வேகம் எடுத்தது. குனிந்து பார்த்தால் கால் ஆக்சிலேட்டர் மேல்! ஐயோ. எப்படியோ நிறுத்தினேன். பின்னால் பிள்ளைகள் கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்—

மார்ச் 10
காய்ச்சல் என்று லீவு சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மார்ச் 18
லீவை நீட்டிவிட்டேன். நரம்புப் பரிசோதனை, புற்றுநோயா என்று பார்க்க இடுப்பெலும்பில் ஊசி. இவர் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 26
“புற்றுநோய் இல்லை” என்றார் நரம்பு டாக்டர். மூச்சு வந்தது. “ஆனா அந்தப் புரதம்தான் உங்க நரம்பை அரிக்குது. இதுக்கு மேல போகாம தடுக்கப் பார்க்கலாம். போனது திரும்புமான்னு சொல்ல முடியாது.”
“வண்டி?”
“வேண்டாம்மா.”
பயமாயிருக்கு. இன்னிக்குக் கால். நாளைக்குக் கையா? ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னீங்களேடா பாவிகளா!

மார்ச் 27
பள்ளி மேலாளரிடம் ஆக்சிலேட்டர் விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

ஏப்ரல் 20
மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். பேருந்தில் இப்போது பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் வேலை. டிரைவருக்குப் பக்கத்து இருக்கை. இன்று ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. என் வலது கால் தானாகவே, பிரேக்கை மிதிப்பதுபோல், தரையை அழுத்தியது. தரை காலுக்குத் தட்டுப்படவே இல்லை. வண்டி நின்றது.